47 வயது, வலி, விலகல்: எதை முதலில் பார்ப்பது?

அல்சூர் வாசகி:
இங்கே பெங்களூரில் இருக்கும் தோழிக்காகக் கேட்கிறேன். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கொரு தடவைதான் வருகிறது. மகள் படிக்க வெளியூர் போயாச்சு. கணவருக்கு ஐ.டி. வேலை எப்போது போகுமோ என்ற பயம். தாம்பத்தியம் என்றாலே எரிச்சல், வலி. "ஆசையே செத்துப்போச்சு, இனி எதுக்கு இந்த வாழ்க்கை" என்கிறாள். டாக்டரா, கவுன்சிலிங்கா?

ஜெயநகர் மகளிர் மருத்துவர்:
முதலில் வலி. வலிக்கும் என்று தெரிந்த உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும். நாலு தடவை இப்படி ஆனால், கை பட்டாலே விலகத் தோன்றும். அதைத்தான் ஆசை செத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோவது சகஜம். உள்ளே சோப்பு போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உறவின்போது, எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையில் செய்த (வாட்டர்-பேஸ்டு) லூப்ரிகன்ட், அதாவது வழுவழுப்பு ஜெல். அது போக, உள்ளே ஈரம் காக்கும் வெஜைனல் மாய்ஸ்சரைசர் வாரம் இரண்டு, மூன்று நாள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதிலும் சரியாகாவிட்டால், பரிசோதித்தபின் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவோம்: வழக்கமாக இரண்டு வாரம் தினம் இரவு, பிறகு வாரம் இரு நாள். பத்து நாளில் பலனில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முழுப் பலனுக்கு 12 வாரம்கூட ஆகலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் இந்த கிரீமைத் தொடக்கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லட்டும். சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும்.

அல்சூர் வாசகி:
தேங்காய் எண்ணெய் போதாதா டாக்டர்?

ஜெயநகர் மகளிர் மருத்துவர்:
ஆணுறை போட்டால் வேண்டாம்மா, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். கருத்தடையும் இன்னும் தேவை. 50-க்குள் விலக்கு நின்றால், கடைசி விலக்கிலிருந்து இரண்டு வருஷம். ஒரு வருஷம் முழுக்க நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே ஸ்கேன்.

குடும்ப ஆலோசகர்:
"எதுக்கு இந்த வாழ்க்கை" என்றாரே, சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அல்லது நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

மருந்து ஒரு பக்கம் நடக்கட்டும். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970-இல் எழுதிய தொடுகைப் பயிற்சி இவர்களுக்குப் பொருந்தும். வாரம் இரு நாள், போன் அடுத்த அறையில். ஒருவர் 15 நிமிஷம் தொட, மற்றவர் வாங்கிக்கொள்வது, பிறகு மாற்றி. தலைமுடி, முதுகு, உள்ளங்கை, கால். முதல் இரண்டு வாரம் மார்பும் பிறப்புறுப்பும் கிடையாது, உறவும் கிடையாது. "இங்கே மெதுவா" என்று மட்டும் சொல்லலாம். ஒரு நாள் நன்றாகப் போனதும் தடையை மீறிவிடுவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. வலி திரும்பினால் முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலை பயத்தைப் படுக்கையில் பேசவே கூடாது. ஞாயிறு காலை அரைமணி, நோட்டுப் புத்தகத்தோடு: கையிருப்பு எத்தனை மாசத்துக்கு வரும், எந்தக் கடனை முதலில் அடைப்பது.

இந்திராநகர் வாசகர்:
மகள் போனபின் காலியான நேரத்துக்கு, வாரம் ஒரு நாள், ஒரே மணி என்று ஏதாவது குறித்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை காலை கப்பன் பூங்காவில் பலர் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்து சும்மா படிக்கிறார்கள். யாரோடும் பேசியாக வேண்டியதில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. சாதாரண பி.எம்.டி.சி. மாநகர பஸ்ஸில் கர்நாடகப் பெண்களுக்கு டிக்கெட் காசும் இல்லை. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.