புல்தரைக்கும் பாத்திக்கும் நடுவே கரை: களிமண்ணில் எது நிற்கும்?

கேள்வி (மன்னார்குடி):
எங்கள் வீட்டின் முன்புறம் அருகம்புல் தரையும், அதை ஒட்டி இட்லிப்பூ, நந்தியாவட்டை, கனகாம்பரம் வைத்த பாத்தியும் இருக்கின்றன. அருகு பாத்திக்குள் ஓடிக் கனகாம்பரத்தின் தூரோடு பின்னிக்கொள்வதால், களை பறிக்கும்போது செடியும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆறு அங்குல உயரத்துக்குச் சிமெண்டுக் கட்டு எழுப்பிவிடலாம் என்கிறார் கொத்தனார். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசி மழையில் பொதபொதவென்று ஊறிப்போகும் எங்கள் களிமண்ணில் அந்தக் கட்டு நிற்குமா?

பதில் (திருவையாறு):
நெடுநாள் நிற்காது என்பதே என் கருத்து. களிமண் காயும்போது சுருங்கும், ஈரம் ஏறியதும் விரியும். நீளமான சிமெண்டுக் கட்டு அதற்கு இணங்கிக் கொடுக்காமல் விரிசல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, உயர்ந்த கட்டு மழைநீரை மறித்துப் புல்தரையிலேயே தேக்கிவிடுவதுதான். நாள்கணக்கில் நீர் நின்றால் புல் மஞ்சளித்துப் போகும்.

ஆகவே, கலவை இல்லாமல் செங்கல் பதியுங்கள். நூல் பிடித்து ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் மூன்று அங்குலம் மணல் கொட்டி இறுக்கி, ஒன்பது அங்குலச் செங்கற்களை நெட்டாக நிறுத்தி இடைவெளி விடாமல் நெருக்கி வைத்தால், கல்லின் தலை புல்தரை மட்டத்துக்கே வந்து சேரும். புல்வெட்டும் எந்திரத்தின் சக்கரம் அதன்மேலேயே ஓடும். நீரும் தடையின்றிக் கடக்கும். ஒரு கல் புடைத்தால் அதை மட்டும் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். தை மாதத்தில், மண் கையில் ஒட்டாமலும் கட்டி தட்டாமலும் இருக்கும் பதத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (நாகப்பட்டினம்):
கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உவர் ஏறிய மண்ணில் அரைவேக்காட்டுச் செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்துவிடும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லாகப் பொறுக்குங்கள், கருங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது.

கல் பதித்த அளவில் அருகு அடங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மண்ணுக்குள் ஓடும் தண்டுகளை அந்த ஆழம் பெரும்பாலும் தடுக்கும். மேலே ஓடும் கொடியோ கல்லைத் தாண்டிக் கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால், மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறையாவது ஓரத்தை வெட்டிவிட வேண்டும். கோரைக்கு எந்தக் கரையும் தடையன்று. கிழங்கோடு தோண்டி எடுத்தால்தான் உண்டு.

பதில் (கும்பகோணம்):
மெதுவாகப் படரும் கொரியன் புல்லாக இருந்தால் செங்கல்லே தேவையில்லை. புல் பக்கம் செங்குத்தாகவும் பாத்திப் பக்கம் சரிவாகவும் ஐந்து அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு போதும். மழைக்காலம் முடிந்ததும் சரிந்த இடங்களைச் சீர்செய்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. எங்கள் பாத்தியின் ஒரு மூலை வளைவாக இருக்கிறது. அங்கும் செங்கல் ஒத்து வருமா?

பதில் (திருவையாறு):
வரும். வளைவில் கல்லின் குறுகிய பக்கம் புல்லை நோக்கி இருக்குமாறு திருப்பி வையுங்கள். வெளிப்புறம் விரியும் சந்துகளில் செங்கல் துண்டுகளைச் செருகி, மணலை நீர் விட்டு இறக்குங்கள்.