கரிசலில் முன் சக்கரம் இழுத்த நாள்

ஒரு நண்பர், "டயர் நன்றாக இருந்தால் போதாதா, பிக்கப்புக்கு எதற்கு ஃபோர் வீல் டிரைவ்?" என்று கேட்டிருந்தார். எஞ்சினின் இழுவை நான்கு சக்கரத்துக்கும் போகிற அமைப்பைத்தான் சொல்கிறார். போன ஐப்பசி வரை எனக்கும் அந்த எண்ணம்தான்.

எங்கள் நிலம் டி.கல்லுப்பட்டிப் பக்கம், சுத்தக் கரிசல். கிணற்று மோட்டார் எரிந்துபோய்விட்டது. அதைக் கழற்றி ஏற்றி வரக் காலி வண்டியோடு போனேன். வண்டி பழையதாக வாங்கிய 2016 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப். முதல் நாள் நல்ல மழை. தார் ரோட்டிலிருந்து இறங்கி ஒரு பர்லாங்கு போவதற்குள் பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. நனைந்த கரிசலைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பள்ளங்களை எல்லாம் அடைத்து, டயரையே வழவழவென்று மண் உருண்டையாக்கிவிடும். மிதிக்க மிதிக்க வண்டி உள்ளேதான் இறங்கியது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். முந்தின வாரம் இதே ஈரத்தில், இதே பாதையில், பதினைந்து மூட்டை உரத்தோடு தடுமாறாமல் போயிருக்கிறேன். காலி வண்டி ஏன் நிற்கிறது?

பக்கத்துக் காட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். "பின்னாடி வெயிட்டே இல்லையேப்பா, சக்கரம் எப்படி மண்ணைப் பிடிக்கும்?" என்றார். எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம். பின்னால் வெறும் பாடி. காலியாக இருக்கும்போது எடை அதிகமாக முன் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் இழுவையோ எடை இல்லாத பின் சக்கரத்துக்கே போகிறது.

வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் போட்டு, ஃபோர் வீல் டிரைவ் குமிழை ஃபோர் எல்லுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) திருப்பினேன். ஃபர்ஸ்ட் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டேன். முன் சக்கரம் மண்ணைக் கவ்வியது கைக்கே தெரிந்தது. வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து வெளியே வந்துவிட்டது.

அப்புறம் செய்தது என் தப்பு. சேற்றை விட்டு வந்ததும் ஃபோர் எச்சுக்கு (நான்கு சக்கரமும் வழக்கமான வேகத்தில் சுற்றும் நிலை) மாற்றியவன், தார் ரோடு ஏறிய பிறகும் அதிலேயே விட்டிருந்தேன். பெட்ரோல் பங்கில் ஒடித்துத் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகி, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திமிறியது. பயந்துபோய் மறுநாள் மதுரையில் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் வண்டியைத் தூக்கி அடியில் காட்டினார். கியர்பாக்ஸை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ். டூ எச்சில், அதாவது வழக்கமான இரண்டு சக்கர ஓட்டத்தில், அது பின் ஷாஃப்டை மட்டும் சுற்றும். ஃபோர் எச் போட்டால் முன்னால் போகிற இன்னொரு ஷாஃப்டையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடும். பின் சக்கரம் எவ்வளவு வழுக்கினாலும் முன் ஷாஃப்ட் கூடவே சுற்றித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து முன் கிரவுன் (சுற்றை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), அதன் இரண்டு பக்கமும் ஆக்சில், சக்கரம் திரும்பினாலும் சுழற்சி அறாமலிருக்க சி.வி. ஜாயிண்ட். ஃபோர் எல்லில் இன்னொரு ஜோடி பல்சக்கரம் சேர்ந்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும்.

வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் போடும், அதனால் கூடுதலாகச் சுற்ற வேண்டும். பூட்டிய ஷாஃப்ட் அதற்கு விடாது. சேற்றில் டயர் சறுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் அந்த முறுக்கு முழுக்கப் பல்லிலும் ஜாயிண்டிலும் ஏறும். "தம்பி, சேத்துக்கு மட்டும் போடுங்க" என்றார் அண்ணன்.

கார்த்திகையில் இன்னொன்று பார்த்தேன். வரப்பைக் கோணலாக ஏறியதில் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் அந்தரத்தில் நின்றன. ஃபோர் எல்லிலும் அந்த இரண்டு மட்டுமே சுற்றின. கிரவுனுக்குள் சுற்றைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல், லாக் இல்லாத சாதாரண வகையாக இருந்தால், தடையில்லாத பக்கத்துக்கே சுற்றை விட்டுவிடும். தொங்கிய முன் சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்கினோம்; அது பிடித்ததும் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் வரப்பை நேராகத்தான் ஏற்றுகிறேன். குமிழையும் சிக்கிய பிறகு அல்ல, தார் ரோட்டை விட்டு இறங்கிய கையோடு திருப்பிவிடுகிறேன்.