பரகும் வரகும் ஒன்றல்ல: ஃபுட்ஆன் ஆன்டாலஜிக்குத் தமிழ்ப் பெயர்களை அனுப்புவது எப்படி?

கேள்வி (அல்சூர்வாசி, பெங்களூரு)

வணக்கம். நான் இங்கே ஒரு மளிகை விற்பனை நிறுவனத்தில் பொருட்பட்டியலைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். கன்னடத்தில் ‘பரகு’ என்று அச்சிட்ட பை ஒன்று, எங்கள் பட்டியலின் தமிழ்ப் பத்தியில் ‘வரகு’ என்று ஏறியிருந்தது. முதலெழுத்து மட்டும்தான் வேறு என்று எண்ணி ஒப்புதல் அளித்தவன் நானே. ஒரு வாரம் கழித்துப் பையைப் பிரித்தபோது, ஊரில் நாங்கள் சமைக்கும் பழுப்பேறிய வரகரிசிக்குப் பதிலாக வெளிர்மஞ்சள் நிறத்தில் உருண்டையான மணிகள் இருந்தன. கன்னடர்களின் பரகு நம் பனிவரகு. நம் வரகுக்கு அவர்கள் ஹாரக என்பார்கள்.

எங்கள் பட்டியலைத் திருத்திவிட்டேன். ஆனால் இதே குழப்பம் மற்றவர்களின் தரவிலும் இருக்கும் அல்லவா? உணவுப் பொருள்களுக்கான திறந்த ஆன்டாலஜியான (பொருள்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வரையறுக்கும் பட்டியல்) ஃபுட்ஆனில் தமிழ், கன்னடப் பெயர்களைச் சேர்க்க விரும்புகிறேன். அறுபது பெயர்கள் கொண்ட எக்செல் கோப்பு தயாராக உள்ளது. நிரல் எழுதத் தெரியாதவன் இதில் பங்களிக்க முடியுமா? கோப்பை அப்படியே அனுப்பிவிடலாமா?

மறுமொழி 1 (ஜெயநகர் வாசகி)

தாராளமாகப் பங்களிக்கலாம். ஆனால் அறுபதையும் ஒரே கோப்பாக அனுப்பாதீர்கள். அதைச் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் தம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குபவர்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருப்பதால் பெரிய கோப்பு எளிதில் தேங்கிவிடும். ஃபுட்ஆனின் கோப்புகள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கி, முதலில் ஒரே ஒரு தானியத்துக்கு இஷ்யூ (திருத்தக் கோரிக்கை) எழுதுங்கள். அதற்கு நிரலறிவு தேவையில்லை. ஆன்டாலஜிகளைத் திருத்த உதவும் ப்ரோட்டேஜே மென்பொருளைத் திறந்து கோப்பைத் திருத்துவதெல்லாம் பிறகு ஆர்வம் வந்தால் கற்றுக்கொள்ளலாம்.

எழுதும் முன் அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று அறிவியல் பெயரை வைத்துத் தேடுங்கள். வரகு என்றால் பாஸ்பாலம் ஸ்க்ரோபிகுலேட்டம், பனிவரகு என்றால் பானிகம் மிலியேசியம். உயிரினப் பெயர்களை ஃபுட்ஆன் அமெரிக்க உயிரித் தகவல் மையமான என்சிபிஐயின் வகைப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால், அங்கிருந்து தொடங்கினால் பொருள் மாறாது. பெரும்பாலான பொருள்களுக்குப் புதிய பதிவே தேவைப்படாது. இருக்கும் பதிவில் ஒரு பெயரை இணைத்தால் போதும்.

அப்படி இணைக்கும்போது அந்தப் பெயர் எவ்வகைப்பட்டது என்று சொல்ல வேண்டும். முற்றிலும் அதே பொருளைக் குறிப்பது, அதைவிடக் குறுகியது, அதைவிட விரிந்தது, தொடர்புடையது என நான்கு வகைகள் உண்டு. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். புழுங்கல் அரிசியின் பதிவில் ‘இட்லி அரிசி’ என்ற பெயரைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இட்லி அரிசி என்று விற்பது புழுங்கல் அரிசியில் ஒரு வகைதான். சோற்றுக்கு வாங்கும் புழுங்கலை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆகவே அது குறுகிய பெயர். அதே பொருள் என்று குறித்துவிட்டால், தவறு நம் கையாலேயே உலகத் தரவுக்குள் போய்விடும்.

புதிய பதிவு தேவைப்பட்டால் வரையறை எழுத வேண்டும்: முதலில் அது எதன் வகை, பிறகு அந்த வகையிலுள்ள மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது. ‘நெல்லை உமியுடனே ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்திய பின் உமி நீக்கிப் பெறும் அரிசி’ என்பது வரையறை. ‘தென்னிந்தியாவில் விரும்பி உண்ணப்படும் அரிசி’ என்பது வரையறை ஆகாது. ஆதாரத்தையும் உங்கள் ஓர்கிட் எண்ணையும் (பங்களிப்பவர் யார் என்று காட்டும் தனி அடையாள எண்) சேர்த்துக் கொடுங்கள். ஒரு பதிவுக்கு ஒருமுறை வெளியான அடையாள எண் அழிக்கப்படுவதில்லை. தவறென்று தெரிந்தால் வழக்கொழிந்தது என்று குறித்து, மாற்று எண்ணைக் காட்டுவார்கள். மரபணுக்களின் பணிகளை விவரிக்கும் ஜீன் ஆன்டாலஜியிலும் இதே வழக்கம்தான். அதனால்தான் நுழைவாயிலிலேயே இத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

மறுமொழி 2 (எலக்ட்ரானிக் சிட்டி)

மேலே சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2012இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் தமிழ், கன்னடப் பெயர்களை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் இன்றே எழுதலாம். ஆனால் அங்கே மாற்றுப் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் சேரும். குறுகியது, விரிந்தது என்ற பாகுபாடு இல்லை. ஆகையால் அது ஃபுட்ஆனுக்கு ஈடாகாது. இரண்டிலும் செய்யுங்கள்.

இது வெறும் பெயர்ச் சிக்கலும் அன்று. வரகில் சிலசமயம் பூஞ்சை படர்ந்து சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்தபோது, பரிசோதனையில் தெரியவந்தது இந்த நஞ்சுதான். அப்படி ஓர் எச்சரிக்கை வரும் நாளில் பட்டியலில் வரகும் பனிவரகும் இடம் மாறியிருந்தால், விற்பனையிலிருந்து எடுக்க வேண்டிய பை அலமாரியிலேயே இருக்கும், நல்ல பை திரும்பிப் போகும்.

அல்சூர்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்பை மறுபடியும் பார்த்தேன். அறுபதில் பதினேழு பெயர்களை ‘அதே பொருள்’ என்று நான் துணிந்து சொல்ல முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு, இன்று மாலை பனிவரகுக்கு மட்டும் முதல் இஷ்யூவை எழுதினேன்: தமிழில் பனிவரகு, கன்னடத்தில் பரகு, இரண்டுக்கும் மொழிக் குறியீட்டுடன். தமிழ் வரகு வேறு பயிர் என்ற எச்சரிக்கைக் குறிப்பையும், இரண்டு தானியங்களையும் ஒரே தட்டில் வைத்து எடுத்த படத்தையும் சேர்த்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.