இணைசேரும் பருவத்தில் எல்க் வேட்டை: சரியா, தவறா?

பனிக்காடு:
அமெரிக்காவின் கொலராடோவில் செப்டம்பர் முழுக்க எல்க் மானை வில்லால் வேட்டையாடலாம். அது இணைசேர்வதும் அதே மாதம்தான். வேட்டைக்காரர் மறைந்திருந்து குழல் ஊதுகிறார், போட்டிக்கு வந்த கலை, அதாவது ஆண் மான், முழங்குவதுபோல. இல்லையென்றால் பிணைபோல, அதாவது பெண் மான்போல, குரல் கொடுக்கிறார். நம்பி வருவதன் மேல் அம்பு பாய்கிறது. கூடியிருந்த மானை எய்ததற்குத்தான் பாண்டுவுக்கே சாபம் விழுந்தது. இதை எப்படி வேட்டை என்பது?

வில்லாளி:
சாபம் இருக்கட்டும். குழல் ஊதினால் வந்து நிற்கும் என்று யார் சொன்னது? முப்பது, நாற்பது கஜத்துக்குள் வந்தால்தான் அம்பு விட முடியும். நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. போன வருடம் ஒரு கலை பதில் கொடுத்துக்கொண்டே வந்தது. முதலில் நாற்றம்தான் வந்தது, சேறும் மூத்திரமும் கலந்து. அப்புறம் கொம்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பிடரியில் காற்று பட்டது. அவ்வளவுதான், மோப்பம் பிடித்துப் போயே போய்விட்டது.

இன்னொன்று. துப்பாக்கி, தோட்டா விலையில் 1937 சட்டப்படி வரி பிடித்து வனவிலங்குக்குச் செலவிடுகிறார்கள். பிற்பாடு வில்லுக்கும் அந்த வரி வந்தது. நூறு வருடத்துக்கு முன் ஒரு லட்சம்கூட இல்லாத எல்க் இன்று சுமார் பத்து லட்சம்.

பனிக்காடு:
அக்டோபரில் சுட்டாலும் அதே வரி வரத்தானே செய்யும்? செப்டம்பரில் கலை சரியாக மேய்வதே இல்லை. பருவம் முடிவதற்குள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்துவிடும். அதை அப்போதும் விரட்ட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
எப்போது என்பதோடு எதை என்பதையும் பாருங்கள். பிணை இணங்குவது ஏறக்குறைய ஒரு நாள்தான். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஓரிகன் மாநிலத்தில் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் ஒரே கலைகளை இளசாக இருந்ததிலிருந்து ஐந்து வயதுவரை வருடாவருடம் இணைசேர விட்டுப் பார்த்தார்கள். இளசுகளிடம் பிணைகள் சினையானது சுமார் இரண்டு வாரம் தாமதம். தாமதமாகப் பிறந்த குட்டி சின்ன உடம்போடு பனிக்காலத்தில் நுழையும். பெரிய கொம்பாகப் பார்த்துப் பொறுக்கினால் எந்த மாதமானாலும் சேதம்தான். ஆனால் ஒன்று: அக்டோபர் கடைசியில் விழும் கலை பெரும்பாலும் இணைசேர்ந்துவிட்டு விழுகிறது, செப்டம்பர் தொடக்கத்தில் விழுவதற்கு அந்த வாய்ப்பே இல்லை.

வில்லாளி:
அதற்குத்தான் இந்த வருடம் பிணைக்கு அனுமதி கேட்டிருக்கிறேன்.

பனிக்காடு:
பிணையா? நல்ல கூத்து.

கணக்குப்பிள்ளை:
கூத்தில்லை. மந்தை பெருத்துவிட்டால் அதைக் குறைக்க வழி அதுதான். கலையைக் குறைத்தால் குட்டிகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது.

பனிக்காடு:
சரி. செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை கொலராடோவின் எஸ்டெஸ் பார்க் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தேசியப் பூங்காவில் இணைசேரும் மாதங்களில் மாலை 5 மணிக்குமேல் புல்வெளியில் இறங்க விடமாட்டார்கள். சாலையோரம் நின்றுதான் கேட்க வேண்டும். முதல்முறை கேட்டபோது துருப்பிடித்த கேட்டை யாரோ திறக்கிறார்கள் என்று நினைத்தேன். அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக ஏறி, கடைசியில் நாலைந்து உறுமல். உங்கள் குழலில் அந்த உறுமல் வருமா?

வில்லாளி:
வராது. அதனால்தான் நாலு வருடத்தில் ஒன்று.