மியாட்டா வாங்குகிறேன்: ஃபீனிக்ஸ் வெயிலுக்குத் துணி இருக்கையா, தோல் இருக்கையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே வசிக்கிறேன். பல ஆண்டுகளாக ஆசைப்பட்டு வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை, அதாவது இங்கே எல்லோரும் மியாட்டா என்று அழைக்கும் இரண்டு இருக்கைத் திறந்த வண்டியை, பழையதாக வாங்குவதென்று முடிவு செய்து இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2017ஆம் ஆண்டு மாடல், மேனுவல் கியர், துணிக்கூரை கொண்டவை. விலையிலும் ஓடிய தூரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று துணி இருக்கை கொண்ட கிளப் வகை, மற்றொன்று கருப்புத் தோல் இருக்கை கொண்ட கிராண்ட் டூரிங் வகை.

தோல் இருக்கை வண்டியை ஜூன் மாதத்து நடுப்பகலில் அரைக்கால் சட்டையுடன் ஓட்டிப் பார்க்கப் போய், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டேன். துணி இருக்கையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் புடைத்திருக்கும் பக்கத் திண்டு நூல் பிரிந்து கிடக்கிறது, இருக்கைக்குப் பின்னால் லேசான ஈர வாடையும் வருகிறது. காப்பி சிந்தினாலும் துடைத்துவிடலாம் என்பதால் என் மனைவி தோல் இருக்கையைத்தான் விரும்புகிறார். வார நாள்களில் அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஸ்கட்டிலிருந்து ஜெரோம் செல்லும் 89ஏ மலைப்பாதைக்கும் இந்த வண்டி போகும். எதை எடுக்கலாம்? கிளப்பை எடுத்துப் பின்னாளில் தோல் உறை போட்டுக்கொள்ள முடியுமா?

முதல் மறுமொழி

தோல் இருக்கையையே எடுங்கள். கூரையைத் திறந்து ஓட்டும் வண்டியில் புழுதியும் திடீர் மழையும் இருக்கையில்தான் வந்து விழும். ஜூன் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் முடிய நம் ஊரில் பருவமழைக் காலம். புழுதிப் புயல் அடித்த மறுநாள் துணி இருக்கையைத் தட்டிப் பாருங்கள், தெரியும். தொடக்ககால மோட்டார் வண்டிகளில், திறந்த முன்பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்த ஓட்டுநருக்குத்தான் தோல் இருக்கை கொடுத்தார்கள். மூடிய பின்னறையில் அமர்ந்த முதலாளிக்குக் கம்பளித் துணி. தோல் உழைப்புக்கென்று வந்த பொருளே தவிர ஆடம்பரத்துக்கென்று வந்ததன்று.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னது மழைக்கும் புழுதிக்கும் சரி. ஆனால் உங்கள் கேள்வியில் வெயிலும் மலைப்பாதையும் இருப்பதால், நான் வேறு பக்கம் சாய்கிறேன்.

முதலில் வெயில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிகளின் இருக்கை சராசரியாக 51 டிகிரி செல்சியஸையும் டாஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியிருந்தன. துணியும் தோலும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறினாலும் உடல் அதை ஒரே மாதிரி உணர்வதில்லை. துணியின் இழைகளுக்கு இடையே காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் மெதுவாகவே உடலுக்கு வந்து சேர்கிறது. பதனிட்ட தோலின் வழுவழுப்பான பரப்போ உடலோடு முழுமையாக ஒட்டிக்கொண்டு, தன்னிடமுள்ள சூட்டை ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறது. பிறகு ஏ.சி. போட்டு இருக்கை குளிர்ந்தாலும், முதுகின் வியர்வை போக வழியில்லாமல் சட்டையிலேயே தங்கும்.

அடுத்தது மலைப்பாதை. வளைவில் உடலைப் பிடித்து நிறுத்துவது பக்கத் திண்டும், துணியின் உராய்வும்தான். உராய்வு குறைந்தால் நீங்கள் முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்தும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியும்தான் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். கை அப்படி இறுகிவிட்டால், சாலை ஸ்டியரிங் வழியாகச் சொல்வது எதுவும் கேட்காது. ஏறத்தாழ 1,050 கிலோ எடையும் 155 குதிரைத்திறனும் கொண்ட இந்த வண்டியை வாங்குவதே அந்தப் பேச்சைக் கேட்கத்தானே? துணி என்றால் மலிவு என்று நினைக்கவும் வேண்டாம். 1954ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கட்டம்போட்ட துணி இருக்கையோடுதான் வந்தது; 1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரின் கட்டத் துணியைக் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர் தேர்ந்தார்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. இந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கையோடு நிற்கவில்லை. மேனுவல் கியர் கொண்ட 2017 கிளப்பில், ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போகச் செய்யும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும், பில்ஸ்டீன் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரும் உண்டு. அதே ஆண்டு கிராண்ட் டூரிங்கில் இரண்டும் இல்லை. அதில் இருப்பவை தானியங்கிக் குளிர்பதனம், மழையறிந்து இயங்கும் வைப்பர், வளைவுக்கேற்பத் திரும்பும் முகப்பு விளக்கு, உட்புறம் மெத்தென்ற படலம் வைத்துச் சத்தம் குறைத்த துணிக்கூரை ஆகியவை. இந்தத் தலைமுறை மியாட்டாவில், 2019இல் கிராண்ட் டூரிங்குக்கு ஜி.டி.-எஸ் என்ற தொகுப்பு வந்த பிறகுதான் தோல் இருக்கையும் அந்த டிஃபரன்ஷியலும் ஒரே வண்டியில் கிடைத்தன. இருக்கை உறையைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். டிஃபரன்ஷியலை மாற்றுவது அப்படிப்பட்ட வேலையன்று.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. டிஃபரன்ஷியல் செய்தி எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே வண்டி, உறை மட்டும் வேறு என்றே எண்ணியிருந்தேன். அப்படியானால் கிளப்பை எடுத்து, மனைவியின் விருப்பத்துக்காகக் கடையில் விற்கும் தோல் மாதிரி உறையை மேலே மாட்டிவிடலாமா?

மூன்றாம் மறுமொழி

கார் இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலில் இருக்கிறேன். மேலே மாட்டும் பொது உறையை இந்த வண்டிக்கு வாங்க வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் முதுகுப் பகுதிக்குள் இருக்கிறது. விபத்தின்போது அது வெளியே வருவதற்காகவே அந்த ஓரத்துத் தையல் பிய்ந்துபோகும்படி தைக்கப்பட்டிருக்கும். தடித்த உறை அதை மூடினால் ஏர்பேக் உரிய நேரத்தில், உரிய திசையில் விரியாமல் போகலாம். பயணி இருக்கையில் எடையறியும் உணரி இருப்பதால் அங்கும் தடித்த உறை நல்லதன்று. கிளப்பில் தலைசாய்வுப் பகுதிக்குள் ஒலிபெருக்கியும் இருக்கிறது. உறை போட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

தோல்தான் வேண்டுமென்றால், பழைய துணியைக் கழற்றிவிட்டு இதே மாடலுக்கென்று வெட்டித் தைத்த தோலை, ஏர்பேக் தையலுக்கு உரிய நூலோடு போட்டுத் தருபவரிடம் கொடுங்கள். இப்போதைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். பிரிந்துபோன பக்கத் திண்டின் துணித்துண்டை மட்டும் மாற்றித் தைத்தால் போதும். தாழ்வான வண்டியில் எல்லோரும் அந்தத் திண்டின்மேல் உட்கார்ந்து சறுக்கித்தான் உள்ளே இறங்குகிறார்கள். துணியானால் நூல் பிரியும், தோலானால் மேல்பூச்சு வெடிக்கும். வலது கையைப் பயணி இருக்கைப் பக்கம் ஊன்றி, முதலில் இடுப்பை நடு இருக்கையில் இறக்கிவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுங்கள்.

கிராண்ட் டூரிங்கையே எடுத்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். காருக்கு வரும் தோலின் மேல் பெரும்பாலும் நிறமும் பிளாஸ்டிக் போன்ற பூச்சும் இருக்கும். கடையில் விற்கும் எண்ணெயைத் தடவினால் அது பூச்சின்மேலேயே நின்று புழுதியைப் பிடித்துவைக்குமே ஒழிய, உள்ளே இறங்காது. மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும், நிறுத்தும்போது கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைப்பதும்தான் உண்மையான பராமரிப்பு.

கேள்வி கேட்டவர்

வெயில் மறைப்பைப் பயன்படுத்துவேன். கிளப்பை எடுப்பதென்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது; மனைவியும் மூடியுள்ள குவளையில் காப்பி கொண்டுவரச் சம்மதித்துவிட்டார். எஞ்சியிருப்பது அந்த ஈர வாடை மட்டுமே. துணிக்கூரை ஒழுகுகிறது என்று அதற்குப் பொருளா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

கூரை ஒழுகாமலும் அந்த வாடை வரலாம். மடிப்புக் கூரையில் விழும் நீர் வடிவதற்காக, இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரங்களிலும் வடிகால் துளைகள் உள்ளன. மரத்தடியில் நின்ற வண்டியில் சருகும் புழுதியும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் தேங்கி உள்ளே இறங்கும். பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு குவளை நீரை அந்த ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அது உடனே வண்டிக்கு அடியில் தரையில் விழ வேண்டும். விழாவிட்டால் இருக்கைக்குப் பின்னாலுள்ள தரைவிரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். நீர் கசிந்தால் வடிகாலைச் சுத்தம் செய்து, விரிப்பை முழுதாக உலர்த்தித் தரச் சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை நீர் ஊற்றிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.