உதவி: திருகோணமலை சீனன்குடாவிலிருந்து கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானைக்குப் பறக்க உண்மையில் எவ்வளவு நேரம்?

நிலாவெளி மகள்:
வணக்கம். அம்மாவுக்குக் கொழும்பில் முழங்கால் கிளினிக், காலை பத்து மணிக்கு. போன தடவை இரவு ரயிலில் கூட்டிப்போனேன். கல்ஓயா தாண்டவே கால் விறைத்து அழத் தொடங்கிவிட்டார். இந்தத் தடவை சிறிய விமானத்தில் போகலாம் என்று இணையத்தில் தேடினேன். தூரம் ஓரிடத்தில் 208, இன்னோரிடத்தில் 238, வேறோரிடத்தில் 128. நேரமும் அப்படித்தான், ஒன்றில் 18 நிமிடம், மற்றதில் ஒரு மணித்தியாலம். எதை நம்புவது?

உப்புவெளித் தம்பி:
அக்கா, மூன்று தூரமும் சரிதான். 'கொழும்பு' என்று மட்டும் தேடினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளும், அதுதான் 208 கி.மீ. இரத்மலானை இன்னும் தெற்கே, சுமார் 238 கி.மீ. அதையே கடல் மைலில் சொன்னால் 128. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., பெருக்கிப் பாருங்கள்.

18 நிமிடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட் விமானத்தின் கணக்கு. செஸ்னா கரவான் மாதிரிச் சிறிய விமானம் மணிக்கு 300 கி.மீ. அளவில்தான் போகும். 238ஐ 300ஆல் வகுத்தால் 48 நிமிடம். ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்கத் திரும்புவது எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து எதிரே அடிக்கும். 40 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 48 நிமிடம் 55 ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும், 42 நிமிடம் போதும்.

உவர்மலை அண்ணா:
தங்கச்சி, நேரத்தை விட ஏறுவதுதான் பெரிய விஷயம். நான் அப்பாவைக் கரவானில் கூட்டிப்போனேன். பின்கதவில் ஒடுக்கமான படிகள். உள்ளே கூரை என் நெஞ்சுக்குச் சற்று மேலேதான், குனிந்தபடியே கதிரைக்குப் போக வேண்டும். அப்பா ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்து மற்றக் கையை என் தோளில் போட்டுத்தான் போனார். டிக்கெட் எடுக்கும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லி, கதவுக்குக் கிட்டவே கதிரை கேளுங்கள். கழிப்பறை இருக்காது, ஏறமுன் போய்விட்டு வரச் சொல்லுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம், காது வலிக்கும்.

உப்புவெளித் தம்பி:
ஆமாம், படியை நான் யோசிக்கவே இல்லை. அக்கா, இன்னொன்று. சீனன்குடா விமானப்படை முகாம், வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கைப்பையில் மேலாக வையுங்கள். இறங்கிய பிறகு, கொழும்புக்குள் போகும் காலி வீதியில் (காலி நகர் வீதி) வாகன நெரிசலும் இருக்கிறது.

நிலாவெளி மகள்:
இப்போது விளங்குகிறது, இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. சோதனை, பறப்பு, வீதி நெரிசல் எல்லாம் சேர்த்தால் அன்றைக்கே பறந்து பத்து மணிக்குப் போய்ச்சேர்வது கஷ்டம். முதல் நாளே போய்ப் பெரியம்மா வீட்டில் தங்கப்போகிறோம். இன்று பின்னேரம் அம்மாவை வாசல் படியில் ஒரு கையால் பிடித்து ஏறிப் பார்க்கச் சொன்னேன். இடது காலை முதலில் வைத்தால் ஏறுகிறார்.