புதிய புற்றுநோய் மருந்து: ஒரு நாட்டில் கிடைப்பது இன்னொரு நாட்டில் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் வசிக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருக்கிறது. ஹார்மோன் மாத்திரைகளும் கீமோவும் முடிந்த நிலையில், சேலத்தில் அவரைப் பார்க்கும் மருத்துவர் ‘டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகன்’ என்னும் மருந்தைப் பற்றிச் சொன்னார். பயாப்சி அறிக்கையில் ‘ஹெர்2 குறைவு’ (ஹெர்2 என்பது புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம்) என்று இருப்பதால் அது பயன்படக்கூடும் என்றும், செலவைப் பற்றிக் குடும்பத்தில் கலந்து பேசிவிட்டு வருமாறும் கூறினார்.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகள், இந்த வகை நோய்க்கு அங்கே அரசுச் செலவில் அது தரப்படுவதில்லை என்கிறாள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பரோ, அங்கே காப்பீட்டிலேயே கிடைக்கிறது என்கிறார். இங்கே மருந்து இருக்கிறது, பணம்தான் இல்லை. ஒரு வசதியான நாடு வேண்டாமென்று ஒதுக்கிய மருந்துக்காக நாங்கள் கடன் வாங்குவது சரியா? ஒதுக்கியதற்குக் காரணம் மருந்தின் குறையா, விலையா? எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வழி ஏதேனும் உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஆத்தூர்க்காரர், இங்கிலாந்தில் மருந்தாளுநர்

ஐயா, வணக்கம். தங்கள் முதல் ஐயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இங்கே மறுக்கப்பட்டதற்குக் காரணம் விலைதான். மருந்தால் பலன் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வில், ‘ஹெர்2 குறைவு’ வகை நோய் பரவிய நிலையில் இம்மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 23.4 மாதங்கள், வழக்கமான கீமோ பெற்றவர்களுக்கு அது 16.8 மாதங்கள். இது நோயை வேரோடு நீக்கும் மருந்து அன்று என்பதையும், அந்தக் கூடுதல் மாதங்கள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு மருந்தை விற்கலாம் என்று அனுமதிப்பது ஓர் அமைப்பு. அதற்கு அரசு பணம் தரலாமா என்று முடிவு செய்வது வேறோர் அமைப்பு. இங்கிலாந்தில் இரண்டாவது பணியை ‘நைஸ்’ என்னும் நிறுவனம் 1999 முதல் செய்துவருகிறது. நல்ல உடல்நலத்துடன் வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற ஒரு மருந்து எவ்வளவு செலவு வைக்கிறது என்று அது கணக்கிடும். அந்தச் செலவு பொதுவாக 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்கால அளவுகோல். அதை 25,000 முதல் 35,000 வரை உயர்த்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் தரப்படும் மருந்துகளுக்கு முன்பு தனிச் சலுகை இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு, நோயின் கடுமையைத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பரவிய மார்பகப் புற்றுநோய் அதில் நடுத்தரக் கடுமை என்று வகைப்படுத்தப்பட்டது. மருந்து நிறுவனங்கள் கேட்ட விலை அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. 2024 ஜூலையில் ‘ஹெர்2 குறைவு’ நோயாளிகளுக்கு நைஸ் இதைப் பரிந்துரைக்க மறுத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2023 டிசம்பரில், ஸ்காட்லாந்து இதே மருந்தை இதே நோய்க்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. எல்லைக்கு இப்பக்கம் ஒரு பெண்ணுக்கு இல்லை, அப்பக்கம் இன்னொரு பெண்ணுக்கு உண்டு என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆயினும் இம்முறையில் ஒரு நன்மையை மறைக்கக் கூடாது: நைஸ் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், மருத்துவமனையில் நோயாளி ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை.

பதில் 2: சேலம் குகை, தற்போது ஸ்டுட்கார்ட்

ஜெர்மனியில் வரிசை மாறியிருக்கிறது. ஐரோப்பிய அனுமதி வந்து மருந்து சந்தைக்கு வந்த நாளிலிருந்தே காப்பீட்டில் எழுதித் தரலாம். இப்போதுள்ள சிகிச்சையைவிட அது எவ்வளவு மேலானது என்ற மதிப்பீடும் விலைப் பேச்சும் அதன் பிறகே நடைபெறும். 2011இல் வந்த சட்டப்படி முதல் 12 மாதங்கள் நிறுவனம் வைத்ததே விலையாக இருந்தது. பின்னர் அதை 6 மாதங்களாகக் குறைத்தார்கள். நோயாளி ஒவ்வொரு மருந்துக்கும் 5 முதல் 10 யூரோ வரை கட்டினால் போதும். ஆனால் இதை இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். சம்பளத்தில் 14.6 விழுக்காடும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் மாதந்தோறும் காப்பீட்டுக்குப் போகின்றன. அதில் பாதி நம்முடையது, பாதி முதலாளியுடையது.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர், சேலம் அஸ்தம்பட்டி

தம்பி, வெளிநாட்டு முறைகளைப் பற்றி மற்றவர்கள் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் ‘இல்லை’ என்று சொல்லும் குழு எதுவும் கிடையாது. அந்தச் சொல்லைக் குடும்பமே தனக்குத் தானே சொல்லிக்கொள்ள நேர்கிறது. அது எவ்வளவு கொடுமை என்பதை வார்டில் பல ஆண்டுகள் கண்டவள் என்பதால் சில விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் பயாப்சி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஹெர்2 சோதனையில் 1+ என்றிருந்தாலோ, 2+ என்றிருந்து அடுத்துச் செய்த ‘இஷ்’ என்னும் மரபணுச் சோதனை நெகட்டிவ் ஆக வந்திருந்தாலோதான் அது ‘ஹெர்2 குறைவு’. இந்த ஒரு வரியை நம்பித்தான் இவ்வளவு பெரிய செலவும் நிற்கிறது. எனவே பயாப்சி பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) ஸ்லைடுகளையும் வாங்கி, அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேலூர் சி.எம்.சி.யிலோ மறுபடி பார்க்கச் சொல்வது வீண் அலைச்சல் ஆகாது. புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்கான ரயில் சலுகை உண்டு. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் செல்பவருக்கும் 75 விழுக்காடு குறைவு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை உடனே எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றாலும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் வகுத்த தொகையே தருவார்கள். ஆகவே இந்த மருந்துக்குத் தொகை கிடைக்குமா, இதற்குக் கிடைக்காவிட்டாலும் ஸ்கேனுக்கும் மற்ற சிகிச்சைக்கும் கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செலவழித்துவிட்டுப் பிறகு கேட்டால் பொதுவாகத் தருவதில்லை.

கடன் வாங்கும் முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: முதல் ஸ்கேன் எத்தனை ஊசிக்குப் பிறகு, அதில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா? அந்த ஸ்கேன் வரைக்குமான செலவை மட்டும் முதலில் திரட்டுங்கள். வீட்டையும் நிலத்தையும் ஒரே நாளில் அடமானம் வைத்த குடும்பங்கள் பிறகு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த மருந்து சிலருக்கு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். அக்காவுக்கு வறட்டு இருமலோ மூச்சிரைப்போ காய்ச்சலோ வந்தால், மலைக் குளிர் என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே கீழே அழைத்து வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரவில் இறங்குவது எளிதன்று. வண்டிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி அறிக்கையைப் பார்த்தேன், 1+ என்றே இருக்கிறது. பிளாக்கைக் கேட்டு வாங்கப்போகிறோம். ஓர் ஐயம் மட்டும்: மருந்துக் கடையில் ஒருவர், ‘டிராஸ்டுசுமாப் இந்தியத் தயாரிப்பிலேயே குறைந்த விலைக்கு இருக்கிறதே’ என்றார். அதைப் போடலாமா?

பதில் 4: மருந்தியல் ஆசிரியர், சேலம்

கூடாது. டிராஸ்டுசுமாப்பின் இந்திய மாற்றுத் தயாரிப்புகள் 2014 முதல் விற்பனையில் உள்ளன. ஹெர்2 மிகுந்திருக்கும் நோயாளிகளுக்கு அவை பெரும் வரம். ஆனால் மருத்துவர் சொன்ன மருந்தில் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்புரதத்துடன் டெரக்ஸ்டீகன் என்னும் கீமோ மருந்து பிணைக்கப்பட்டுள்ளது. ‘ஹெர்2 குறைவு’ நோயில் வேலை செய்வது முக்கியமாக அந்த இரண்டாம் பகுதியே. டிராஸ்டுசுமாப் எம்டான்சின் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. மூன்றுக்கும் அளவு வேறு, பயன் வேறு. மாற்றி ஏற்றினால் ஆபத்து. எனவே பில்லிலும் குப்பியிலும் முழுப் பெயரையும் படித்துப் பாருங்கள்.

2012இல் சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மாத்திரைக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாய்க்கு இறங்கியது. அதுபோல் இதற்கும் நடக்காதா என்று நானும் ஏங்குகிறேன். ஆனால் மாத்திரையை நகலெடுப்பதைவிட இத்தகைய பிணைப்பு மருந்தைச் செய்வது மிகக் கடினம்.

இப்போதைக்குக் கிடைத்துள்ள சலுகை வரியில்தான். இம்மருந்துக்கான சுங்க வரி 2024 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டியை 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்க முடிவாயிற்று. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாரேனும் காட்டினால் ஏற்காதீர்கள். உடல் எடைக்கு ஏற்ப அளவிடப்படும் மருந்து, குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம்; அக்காவின் எடைக்கு எத்தனை குப்பி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, குறைந்தது இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். தயாரிப்பு நிறுவனம் நோயாளிகளுக்கு உதவித் திட்டம் ஏதேனும் வைத்திருக்கிறதா என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனை வழியாக விசாரியுங்கள்.